நான்கு இடத்தில் குறித்தும் ஒரு ரிட்டர்ன் தவறிவிட்டது: நீங்கள் வேலைகளை எப்படி நினைவில் வைக்கிறீர்கள்?

மதுரைக்கணக்கு | ஜனவரி 31, இரவு 11.40

வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன், ஏழு வருடம் ஆகிறது. இப்போது 42 பார்ட்டி. பெரும்பாலும் மளிகை, பாத்திரம், ஹார்டுவேர் கடைகள், அப்புறம் மூன்று லேத் பட்டறை. மாதம் முழுக்கத் தேதிதான். 7 என்றால் டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனை ரிட்டர்ன், 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 என்றால் 3பி, அதாவது வரியைக் கட்டிப் போடுகிற ரிட்டர்ன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிற சின்னக் கடைகளுக்கு நம் மாநிலத்தில் 3பி கடைசி நாள் 22.

அந்த 22தான் காலை வாரிவிட்டது. 20ஆம் தேதி ராத்திரி மாதாந்திர பார்ட்டிகளை எல்லாம் முடித்துவிட்டு, "அப்பாடா" என்று படுத்தவள் இரண்டு நாள் லேப்டாப்பையே சரியாகத் திறக்கவில்லை. காலாண்டுக்காரர்களில் ஒருவரை விட்டுவிட்டேன் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்பது நாள், நாளுக்கு 50 ரூபாய், 450 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு வருடம் 18 சதவீதக் கணக்கில் வட்டி. பணத்தை நானே ஏற்றுக்கொண்டேன். ஆனால் அந்தக் கடைக்காரர் போனில் "பரவாயில்லம்மா" என்று சொன்ன விதம் மனதைவிட்டுப் போகவில்லை, என்னை நம்பி பாஸ்வேர்டு வரைக்கும் கொடுத்து வைத்திருப்பவர்.

குறித்து வைக்காமல் இல்லை. போன் காலண்டரில் இருக்கிறது. எனக்கு நானே அனுப்பிக்கொள்கிற வாட்ஸப்பில் இருக்கிறது. மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறேன். புது வருடத்துக்கு இலவசமாக வந்த டைரியிலும் எழுதியிருக்கிறேன். நான்கு இடத்திலும் இருந்து, நான்கிலும் பார்க்கவில்லை. ஒழுங்காக வேலை பார்க்கிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். புத்தகத்தில் படித்தது வேண்டாம், கையில் செய்வது வேண்டும்.

பொறிதட்டல் | பிப்ரவரி 1, காலை 7.15

நான்கு இடம் என்பதுதான் கோளாறு அக்கா. ஒரே ஆப்பில் போட்டுவிடுங்கள். டோடோயிஸ்ட், கூகுள் டாஸ்க்ஸ், எதுவானாலும் சரி. 42 பேருக்கும் தனித்தனி டாஸ்க், மாதாமாதம் தானாக வருகிற மாதிரி. 22க்கு மூன்று நாள் முன்பே மணி அடிக்கும்.

வேலையில் உட்கார பொமொடோரோ முறையைப் பாருங்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980களின் கடைசியில், கல்லூரியில் படிக்கும்போது, தக்காளி வடிவ சமையலறை டைமரைத் திருகி வைத்துப் படித்ததில் வந்தது. இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பெயர் பொமொடோரோ. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் பெரிய ஓய்வு. நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதே அப்படித்தான், இரண்டு வருடமாக விடவில்லை.

இரவுப்பணி | பிப்ரவரி 1, காலை 9.50

நைட் டியூட்டி முடித்து வந்து எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பி சொல்வது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலைக்குச் சரி. வார்டில் 25 நிமிடம் யாரும் கூப்பிடாமல் இருந்ததே கிடையாது. மதுரைக்கணக்கு மேடத்துக்கும் பில் படமாக வந்துகொண்டேதான் இருக்கும், இல்லையா?

மணி அடிக்கும் விஷயத்திலும் எனக்குப் பயம் உண்டு. ஐசியுவில் மானிட்டர் ஓயாமல் அலறும், பாதி நேரம் உடம்பில் ஒட்டிய லீட் வயர் கழன்றிருக்கும், கை அசைந்திருக்கும். கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் காது அதை விட்டுவிடும், நிஜமாக ஒன்று அலறும்போதும் அதே காதுதான் கேட்க வேண்டும். மருத்துவத்தில் இதற்கென்றே தனி ஆராய்ச்சி நடக்கிறது. 42 பார்ட்டிக்கும் மணி அடிக்க ஆரம்பித்தால் மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் விரலால் தள்ளிவிடுவீர்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஏ4 தாள் ஒன்றை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். இடது ஓரம் முழுக்க பெட் நம்பர், மேலே மணி: 8, 10, 12, 2, 4, 6. கட்டத்துக்குள் ஊசி, ட்ரிப், சுகர் பார்ப்பது, யூரின் அளவு. வேலையை முடித்தால்தான் டிக். ஊசி மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி வைத்திருக்கும்போது பக்கத்துப் பெட்டில் கூப்பிடுவார்கள், "இதோ போடப்போகிறோமே" என்று முதலிலேயே டிக் போட்டுவிட்டு அங்கே போனால் திரும்பி வரும்போது போட்டோமா இல்லையா என்று நமக்கே தெரியாது. சேர்ந்த புதிதில் ஒருமுறை அப்படித் தவித்திருக்கிறேன், நோயாளியின் கையைத் திருப்பிப் பார்த்து ஊசி குத்திய தடம் தேடினேன். அன்றிலிருந்து டிக் கடைசியில்தான்.

இன்னொன்று ஓவர் கொடுப்பது. டியூட்டி மாறும்போது அடுத்து வருகிற சிஸ்டரை ஒவ்வொரு பெட்டாக அழைத்துப் போய், "இவருக்கு 6 மணி ஆன்டிபயாடிக் போட்டாச்சு, லேப் ரிப்போர்ட் இன்னும் வரல, டாக்டருக்குச் சொல்லியாச்சு" என்று வாயால் சொல்லி ஒப்படைப்போம். உங்களுக்கு அடுத்த ஷிஃப்டுக்கு வேறு ஆள் இல்லை, நாளைக் காலை வருகிற நீங்களேதான். இரவு லேப்டாப் மூடுவதற்கு முன் அவருக்கு ஓவர் எழுதி வைத்துப் பாருங்கள் மேடம்.

வைகைக்கரை | பிப்ரவரி 1, மதியம் 1.05

முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள் எங்கள் ஆச்சி. ஒரு முடிச்சுக்கு ஒரு வேலை. மூன்றுக்கு மேல் போட மாட்டார்கள், போட்டால் எது எதற்கு என்று மறந்துவிடும் என்பார்கள். இன்றைக்கும் அந்த மூன்றை நான் தாண்டுவதில்லை.

ஊசிநூல் | பிப்ரவரி 1, இரவு 10.20

தையல் கடை வைத்திருக்கிறேன், இருபது வருடத்துக்கு மேல். நோட்டு, ஆப்பு எல்லாம் அப்புறம். முதலில் எடுக்கிற வேலைக்கு ஒரு அளவு வேண்டும் தங்கச்சி.

எங்களிடம் துணி வந்த உடனே ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி பில்லோடு பின் அடித்துவிடுவோம். ஒரே நீலத்தில் எட்டு சட்டைத் துணி இருக்கும், பில் நம்பர் அழிந்துபோனாலும் துண்டை வைத்துப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். அளவு நோட்டு தனி. அதில் பெயரை வைத்துத் தேடுவோம், பில்லில் டெலிவரி தேதியை வைத்துத் தேடுவோம். இந்த இரண்டையும் ஒரே நோட்டில் போட்டுப் பார்த்து ஒரு வருடம் குழம்பிப்போனேன்.

வெட்டாத துணி மேல் தட்டு. வெட்டியது கட்டாக மேசைக்கு அடியில். தைத்தது காஜா பட்டனுக்குப் போகும் பையில். அயர்ன் போட்டது ஹேங்கரில். கடைக்குள் நுழைந்ததும் எங்கே குவிந்திருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். மேசைக்கு அடியில் பத்துக் கட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டால் நான் கத்தரியைத் தொடமாட்டேன். இருப்பதைத் தைத்து முடித்த பிறகுதான் புதிதாக வெட்டுவேன்.

தீபாவளி சமயத்தில் பத்து நாள் முன்பே "ஆர்டர் முடிந்தது" என்று அட்டை மாட்டிவிடுவேன். முதல் வருடம் மாட்டும்போது கை நடுங்கியது, வருகிற காசைத் திருப்பி அனுப்புகிறோமே என்று. அதற்கு முந்தின தீபாவளிக்கு அட்டை மாட்டாமல் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டு, பண்டிகை அன்று காலை ஏழு மணிக்கு ஒரு சின்னப் பையன் வாசலில் வந்து நின்றான், பட்டன் வைக்காத சட்டையைக் கொடுத்து அனுப்பினேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகு அட்டை மாட்டாத வருடம் இல்லை. 42 பார்ட்டியும் கடைசி இரண்டு நாளில்தான் பில் அனுப்புகிறார்கள் என்றால் எந்த நோட்டும் உங்களுக்கு உதவாது.

பொறிதட்டல் | பிப்ரவரி 1, இரவு 11.02

அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே கான்பான். ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ என்பவர் கொண்டுவந்தது. அடுத்த நிலையில் இருப்பவர் கேட்டால்தான் முந்தின நிலையில் இருப்பவர் செய்வார், கேட்பதற்கு ஓர் அட்டை, அதற்குப் பெயர்தான் கான்பான். ஐடியில் இதையே திரையில் பலகையாகப் போட்டு, ஒரு பத்தியில் இத்தனைக்கு மேல் இருக்கக்கூடாது என்று எண் எழுதி வைத்திருக்கிறோம். எழுதி வைப்போம், மதிக்க மாட்டோம். மேசைக்கு அடியில் இடம் நிறைந்துவிட்டால் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பது உங்களுக்கு இருக்கிறது, திரையில் எத்தனை வேண்டுமானாலும் அடங்கும். இதை நான் இதுவரை யோசித்ததில்லை.

சிஸ்டர் சொன்ன மணி விஷயமும் உண்மை. இன்று காலையிலிருந்து எத்தனை நோட்டிஃபிகேஷன் தள்ளினேன் என்று எண்ணிப் பார்த்தேன், மதியத்துக்குள் 60ஐத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஓய்வுக்காலம் | பிப்ரவரி 2, காலை 6.30

அம்மா, வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் எங்களிடம் ட்யூ டேட் டைரி என்று ஒன்று உண்டு. ஒருவர் ஃபிக்சட் டெபாசிட் போட்ட உடனே, ரசீதில் மை காய்வதற்கு முன், அது முதிர்கிற தேதியின் பக்கத்தைப் புரட்டி அங்கே நம்பரை எழுதிவிட வேண்டும். "அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்றால் மேனேஜர் விடமாட்டார். காலையில் கதவு திறந்ததும் ஒரு கிளார்க் அன்றைய பக்கத்தைத் திறப்பார். அவர் லீவு என்றால் யார் திறப்பது என்பதும் முன்பே முடிவாகியிருக்கும். உங்கள் நான்கு இடத்திலும் எழுத்து இருந்தது, பக்கத்தைத் திறக்க ஆள் இல்லை. அதுதான் நடந்தது.

வீட்டில் இன்றைக்கும் எனக்கு சிவகாசி தினசரி காலண்டர்தான். ஆடி 18 அன்று அங்கே அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிடுவார்கள், ஒரு வருடம் என்னைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலை நேற்றைய தாளைக் கிழிப்பது. கிழித்தால்தான் இன்றைய தேதி தெரியும், கிழிக்கும்போது கண் அதில் பட்டே தீரும். கிழித்த தாளின் பின்பக்கம்தான் அன்றைய வேலைச் சீட்டு. மேலே பிள்ளையார் சுழி, கீழே நான்கைந்து வரி. கரண்ட் பில், மருந்து, யாருக்குப் போன் செய்ய வேண்டும். அந்தச் சீட்டு கொள்வதற்கு மேல் நான் ஒரு நாளைக்கு எழுதுவதில்லை. கட்டிய பில்கள் சுவரில் தொங்கும் கம்பியில் குத்தியிருக்கும், வருடக் கடைசியில் கீழிருந்து மேலாகப் பிரித்தால் ஜனவரி முதல் வரிசையாக வரும், தேடவே வேண்டாம்.

தினமும் எழுதுவது நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வியாபாரத் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் ஆரம்பித்து 1761இல் சாகும் வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் வேலை, சொந்த வியாபாரம், நடுவில் போர். இத்தனைக்கும் இடையில் கப்பல் வந்த கதை, விலை, யார் என்ன சொன்னார் என்று இருபத்தைந்து வருடம் எழுதிக்கொண்டிருந்தார். நமக்கு ஐந்து வரி எழுத நேரம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நாலாம்வகுப்பு | பிப்ரவரி 2, மாலை 5.45

எல்லாரும் அவரவர் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறீர்கள். அந்த அக்கா வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். கேஸ் புக் செய்வது, பால் கணக்கு, மாமியாருக்கு பிபி மாத்திரை தீர்ந்துவிட்டதா, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், தடுப்பூசித் தேதி, இது எந்த லிஸ்டில் இருக்கிறது? தலைக்குள்ளேதான் இருக்கும். 22ஆம் தேதிக்கு அங்கே இடம் எங்கே?

நான் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன், வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஃப்ரிட்ஜில் ஒயிட்போர்டு மாட்டி எல்லாம் எழுதி வைத்தேன். ஒன்றும் குறையவில்லை. எழுதுவது நான், பார்ப்பது நான், "போர்டப் பாத்தீங்களா" என்று கேட்பதும் நான். அப்புறம் ஒரு நாள் என் வீட்டுக்காரரை உட்கார வைத்து, "நீங்கள் உதவி செய்ய வேண்டாம், இதை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். மாத்திரை முழுக்க அவர் பொறுப்பு. எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது, சீட்டு எங்கே என்று தேடுவது, டாக்டரிடம் திரும்ப அழைத்துப் போவது எல்லாம். முதல் மாதம் ஒருநாள் தீர்ந்துபோய் ராத்திரி ஒன்பதரைக்கு மெடிக்கலுக்கு ஓடினார். எனக்கு முன்தினமே தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் இருந்தேன், பக்கத்துத் தெருவிலேயே கடை திறந்திருக்கும் என்ற தைரியத்தில். அதன் பிறகு இன்றுவரை தீர்ந்ததில்லை. என் தலையிலிருந்து அது போன பிறகு ஏற்பட்ட நிம்மதியை எந்த ஆப்பும் எனக்குத் தந்ததில்லை.

பொறிதட்டல் | பிப்ரவரி 2, மாலை 6.30

டீச்சர், மாத்திரை விஷயத்தில் அப்படிச் சோதித்துப் பார்க்கலாமா? பயமாக இருக்கிறதே.

நாலாம்வகுப்பு | பிப்ரவரி 2, இரவு 8.10

நியாயமான கேள்விதான் தம்பி. மறுபடி செய்வதென்றால் பால் கணக்கில்தான் ஆரம்பிப்பேன்.

இரவுப்பணி | பிப்ரவரி 3, மாலை 4.00

சார் சொன்ன "பக்கத்தைத் திறக்க ஆள் இல்லை" என்பதைப் படித்ததிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும் என்றிருந்தது. அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 வரியில் ஒரு சரிபார்ப்புச் சீட்டு கொண்டுவந்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அறையை விட்டுப் போவதற்கு முன், மூன்று முறை நிறுத்திக் கேட்க வேண்டும். எட்டு ஊர் மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு வந்தது, டெல்லியும் அதில் ஒன்று. ஆனால் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளைப் பார்த்து 2014இல் வந்த ஆய்வில் சொல்லும்படி மாற்றம் இல்லை. சீட்டு ஒன்றுதான். எங்கள் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் சொல்வார், எல்லாரும் கையை நிறுத்திவிட்டுச் சத்தமாகக் கேட்டு பதில் சொல்கிறார்களா, இல்லை மூலையில் ஒருவர் நின்று வரிசையாக டிக் போடுகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

மதுரைக்கணக்கு | பிப்ரவரி 3, இரவு 11.15

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஊசிநூல் அண்ணன் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. என் வாட்ஸப்பை எடுத்துப் பார்த்தேன். போன மாதம் வந்த பில் படங்களில் பாதிக்கு மேல் 17ஆம் தேதிக்குப் பிறகுதான் வந்திருக்கின்றன. சாய்ந்த படம், பாதி தெரியாத படம். மறதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், 17லிருந்து 20 வரை மூச்சு விட நேரமில்லாமல் போனதில் 22 கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் "10ஆம் தேதிக்குமேல் பில் வாங்க மாட்டேன்" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை அண்ணே. அடுத்த தெருவில் என்னைவிடக் குறைந்த பீஸுக்குச் செய்ய ஆள் இருக்கிறது.

ஊசிநூல் | பிப்ரவரி 4, காலை 8.40

வாங்க மாட்டேன் என்று சொல்லாதீர்கள் தங்கச்சி. "5ஆம் தேதிக்குள் கொடுத்தால் 11க்குள் உங்கள் வேலை முடியும், பிறகு கொடுத்தால் வரிசையில் கடைசி" என்று சொல்லுங்கள். நான் அட்டை மாட்டிய வருடம் திட்டிவிட்டுப் போனவர்களில் பாதிப்பேர் அடுத்த தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே துணியோடு வந்தார்கள்.

ஓய்வுக்காலம் | பிப்ரவரி 4, காலை 9.05

இன்னொரு யோசனை அம்மா. காலாண்டுக்காரர்களுக்கு 22 கடைசி நாள் என்றால், அவர்களைக் கடைசியில் ஏன் வைக்கிறீர்கள்? முதலில் முடித்துவிடுங்கள்.

மதுரைக்கணக்கு | ஏப்ரல் 23, இரவு 9.40

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும், என்ன ஆனது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மஞ்சள் சீட்டுகளை எல்லாம் உரித்தேன். நீளவாக்கு அக்கவுண்ட்ஸ் நோட்டு ஒன்று வாங்கி, இடது ஓரத்தில் 42 பெயர், மேலே பத்திகள்: பில் வந்தது, பதிவு, 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) சரிபார்த்தது, ஜிஎஸ்டிஆர்-1, 3பி. சிஸ்டரின் பெட் நம்பர் கட்டம்தான் இது. 3பி கட்டத்தில் டிக் போடுவதில்லை, ரிட்டர்ன் ஏறிய பிறகு வரும் ஏஆர்என் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை எழுதுகிறேன். போர்ட்டல் எண் கொடுக்காமல் அந்தக் கட்டத்தை நிரப்பவே முடியாது. காலாண்டுக்காரர்கள் 11 பேருக்கும் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஓவர் எழுதுகிறேன். முதல் வாரம் எழுதினேன், இரண்டாவது வாரம் மூன்று நாள் விட்டுப்போனது. இப்போது பையன் பால் குடிக்கும் நேரத்தோடு சேர்த்துவிட்டேன், அவன் குடித்து முடிப்பதற்குள் நான் எழுதி முடித்துவிடுவேன். நேற்று எழுதியது: "பாத்திரக்கடை கொள்முதல் பில் 2பியில் வரவில்லை, சப்ளையரைக் கேட்கச் சொல்லியாச்சு, நாளை 11 மணிக்குப் பிறகு போன்." காலையில் அதைப் பார்த்ததும் எங்கே ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

போனில் ஒரே ஒரு அலாரம் மட்டும் வைத்திருக்கிறேன், காலை 9.30, "நோட்டைத் திற". தம்பி, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். 25 நிமிட டைமரை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, போன் வராத இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறேன், அங்கே நன்றாகவே வேலை செய்கிறது.

எல்லாப் பார்ட்டிக்கும் அண்ணன் சொன்ன வார்த்தையிலேயே செய்தி அனுப்பினேன். ஒருவர் கோபித்துக்கொண்டு கணக்கை மாற்றிக்கொண்டார், இரண்டு நாள் மனம் சரியில்லை. ஏழெட்டுப் பேர் இன்னும் 18ஆம் தேதிதான் அனுப்புகிறார்கள். மற்றவர்கள் 10க்குள் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேஸ், பால், பள்ளிக்கூட ஃபீஸ் மூன்றும் இப்போது வீட்டுக்காரர் பொறுப்பு. மாத்திரையை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை டீச்சர், மனம் வரவில்லை.

சிவப்புப் புள்ளி 11ஐயும் 17ஆம் தேதியே முடித்துவிட்டேன். ஜனவரியில் விட்டுப்போன கடைக்காரருக்கு முதல் ஆளாகப் போட்டு, ஏஆர்என் வந்த படத்தை அனுப்பினேன். "இவ்வளவு சீக்கிரமாவா?" என்று பதில் போட்டிருந்தார்.

ஊசிநூல் அண்ணே, ஒரு சந்தேகம். எல்லாருக்கும் ஒரே நோட்டு என்பதால் ஒருவருடைய பழைய விவரம் தேடப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் அளவு நோட்டைத் தனியாகப் பிரித்தது போல நானும் ஆளுக்கொரு பக்கமாக இன்னொரு நோட்டு போடட்டுமா, இல்லை அது மறுபடி இரண்டு இடமாகிவிடுமா?